பதினான்கு பேருக்கு ஒரு கை

அல்பேர்ட் கிழவர் சூப் குடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. பாமா ஏழு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அவள் சொன்னால் நம்பலாம். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார், வாயைத்தான் கரண்டிக்குக் கொண்டுவருவார். உறிஞ்சுவார். தாடையில் வழிவதை ரொட்டித் துண்டால் துடைத்து, அந்த ரொட்டியையும் தின்பார். எண்பத்துநான்கு வயசு, பல்செட்டு சரியில்லை, அதெல்லாம் மன்னிக்கலாம். தின்றுகொண்டே பேசுவார் பாருங்கள், அந்தப் பேச்சைத்தான் மன்னிக்க முடியாது.

பேச்சு பிரெஞ்சில். வீடு கொலோனில், ரயில் பாதையை ஒட்டின தெருவில் மூன்றாம் மாடி. ஆண்டு 1986. பாமா புதுச்சேரிப் பெண். அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவன் ஊரை விட்டுப் போன பிறகும் மகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். அந்தப் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்கு வந்து, ஸ்காலர்ஷிப்பில் சரித்திர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முப்பத்தோரு வயசு. டிசம்பரோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது. அதற்குள் தீசிஸ் முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், கல்யாணத்துக்கு வந்து நிற்கும் மாமன் மகன் முன்னால் காபித் தட்டோடு நிற்க வேண்டியதுதான்.

தலைப்பு அவளுடைய பேராசிரியர் கொடுத்தது. முப்பதுகளில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பதினோரு மாதம் உயிரோடிருந்து செத்துப்போன ஒரு வலதுசாரிக் குழு. 'சுதந்திரக் குடியரசு நடு அணி' என்று பெயர். சுதந்திரமும் கிடையாது, குடியரசைக் கண்டாலும் பிடிக்காது, நடுவில் உட்கார்ந்ததும் இல்லை. சபையில் வலது ஓரத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். மொத்தம் பதினான்கு பேர். அது ஏன் பதினான்கு என்றால், அத்தனை தலை இருந்தால்தான் சபைக் கமிட்டிகளில் ஒரு நாற்காலி கிடைக்கும். கொள்கைக்காகச் சேர்ந்த கூட்டமா அது, நாற்காலிக்காகச் சேர்ந்த கூட்டம். ஒரு தலைவர், நான்கு உபதலைவர், மூன்று செயலாளர் என்று வைத்துக்கொண்டார்கள். பதவியில்லாத உறுப்பினரைத் தேடிப்பிடிக்க வேண்டும். பதினோராம் மாதம் இரண்டு பேர் மந்திரிப் பதவி வாசனை பிடித்துப் பெரிய கட்சிக்குத் தாவினார்கள். நாற்காலி போனது, குழுவும் போனது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

அந்தப் பதினோரு மாதத்தில் அவர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அதுவும் உருப்படாத காரியம். ஜெர்மனியில் ஹிட்லர் வந்த வருஷம், ரைன் ஆற்றைக் கடந்து யூதக் குடும்பங்கள் பிரான்சுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தன. காகிதம் இல்லாதவர்களைப் பாலத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று இந்தக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. பதினான்கு பேரும் ஆதரவு என்று அச்சிட்ட பட்டியலில் இருக்கிறது. அதில் கிறிஸ்தோப்பர் என்று ஒரு கிராமத்து டாக்டர். ஓட்டு நடந்த மறுவாரமே குழுவை விட்டு, அரசியலையே விட்டு, போனவர் போனவர்தான். அவர் இடத்தில் வேறொரு தலையைப் பிடித்துப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். ஏன் போனார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தெரிந்தால் தீசிஸ் நிற்கும், தெரியாவிட்டால் விழும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

தெரிந்த ஒரே உயிர் இந்தக் கிழவர். ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸ்காரர், குழுவின் கடைசி மிச்சம். 1944-இல், ஜெர்மன்காரனோடு சேர்ந்திருந்த தன் பக்கம் தோற்றதும் பின்வாங்கின ஜெர்மன் பட்டாளத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அதே ரைன் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர். இவரை யாரும் பாலத்தில் நிறுத்தவில்லை. ஒரு ஜெர்மன் விதவையைக் கட்டி, அவள் வீட்டில் இருந்து, அவளையும் புதைத்துவிட்டு, நாற்பத்திரண்டு வருஷமாகச் சுகமாகத் தின்றுகொண்டிருக்கிறார். குழுவின் காகிதமெல்லாம் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

முதல் நாளே நிபந்தனை போட்டார். வேலைக்காரி நின்றுவிட்டாள், இந்தத் தூசியில் உட்கார்ந்து 1933-ஐ நினைக்க முடியாது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கொண்டுவா, அலமாரியைத் திறக்கிறேன் என்றார். பாமா புஷ்பராணியைக் கொண்டுவந்தாள்.

புஷ்பராணி யாழ்ப்பாணத்துப் பெண், இருபத்தாறு வயசு, அகதி. நகரத்து ஓரத்தில் அகதிகள் விடுதியில் ஓர் அறையில் மூன்று பெண்களோடு இருந்தாள். கணவன் நாகமுத்து அவளுக்கு ஆறு மாதம் பிந்தி வந்தான். அவனை எசன் நகரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். ரயிலில் ஒரு மணி நேரம். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர எல்லையைத் தாண்டினால் குற்றம். ஒன்றரை வருஷத்தில் புருஷனை இரண்டு தரம் பார்த்திருந்தாள். அவனோடு சேர்ந்திருக்க விடுங்கள் என்று மனுப் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த மனுவுக்குப் பதில் வருகிறதா என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு செய்தி வேண்டியதில்லை.

அகதிக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பிடிபட்டால் கேஸ் கெட்டுப்போகும். அது பாமாவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் புதன்கிழமைதோறும் ஒரு தேவாலயத்து அறையில் உட்கார்ந்து இந்தத் தமிழர்களுக்கு ஜெர்மனில் மனு எழுதிக்கொடுப்பதே அவள்தான். தெரிந்தும் கூப்பிட்டாள், அக்கா கூப்பிட்டால் மறுக்கத் தெரியாதவள் வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் தரை துடைத்து, துணி தோய்த்து, சூப் வைத்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படிப்பட்ட தாராளம்.

ஒரு நாள் அவள் தட்டை வைத்துவிட்டு நிற்கும்போது கிழவர் வாயில் உருளைக்கிழங்கோடு சொன்னார்: "என் காலமாக இருந்தால் இவளையும் பாலத்தில் திருப்பியிருப்பேன். தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஜாதிக்குக் கை நல்ல கை."

"என்னவாம் அக்கா?" என்றாள் புஷ்பராணி.

"சூப் நல்லா இருக்காம்."

"உப்புக் கூடிப்போச்சோ எண்டு பயந்தனான்." அவள் சந்தோஷமாக உள்ளே போனாள்.

பாமா அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அலமாரியில் இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்ததே. குனிந்து குறிப்பெழுதினாள்.

இப்போது ஒரு கையெழுத்து விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன்காரன் தும்மினால்கூட மனு, அவன் பாஷையில் அன்ட்ராக், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சப்பாத்துக்கு ஒரு அன்ட்ராக், பல் வலிக்கு ஒரு அன்ட்ராக். ஹைம் என்று அவர்கள் சொல்லும் விடுதியின் ஹாலில் போடும் கடிதம் காணாமல் போகிறது என்று எல்லாரும் தேவாலயத்து அறையையே விலாசமாகக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துக்காக ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழியைப் புஷ்பராணிதான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, ஒவ்வொரு தரமும் வரேலாது. வெறுந்தாளிலை அடியிலை கையெழுத்து வைச்சுத் தாறன். மேலை என்ன எழுதோணுமோ அதை எழுதுங்கோ."

"அப்படில்லாம் பிளாங்க் பேப்பர்ல சைன் பண்ணக்கூடாது புஷ்பா."

"வேறை ஆருக்கும் வைக்கேல்லையே. உங்களிட்டைத்தானே தாறன்."

அவளைப் பார்த்து அறைத்தோழி சந்திரகாந்தி, அவளைப் பார்த்துத் தேவமலர், என்று பதினெட்டுப் பேர் ஆளுக்கு ஐந்தாறு வெறுந்தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொந்த ஊரில் வீட்டு உறுதிப் பத்திரத்தைக்கூடப் பெரியப்பா மகனிடம் கொடுக்க யோசிக்கிற சனம். பாமா அக்காவிடம் இருந்தால் பாங்கில் இருப்பது மாதிரி என்று பேசிக்கொண்டார்கள். பாமாவுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அக்டோபர் முதல் புதன்கிழமை புஷ்பராணிக்கு அகதிகள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எசனில் குடும்பங்கள் தங்கும் விடுதியில் ஓர் அறை காலியாகிறது. அவள் கணவருடன் அங்கே குடியேறலாம். சம்மதத்தைப் பத்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். பாமா படித்தாள். முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். புஷ்பா குதிப்பாள் என்று நினைத்தாள். அப்புறம் செவ்வாய்க்கிழமை நினைப்பு வந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் கிழவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "முசியே, வேறு ஓர் ஆள் வந்தால் உங்களுக்குச் சம்மதமா?"

"சின்னவள் போகிறாளா?" அவர் புஷ்பராணியைச் சின்னவள் என்றுதான் சொல்வார், இத்தனை மாதத்தில் பேரைக் கேட்டதில்லை. "அவள் போனால் நானும் நிறுத்திக்கொள்வேன். புதிதாக ஓர் ஆளைப் பழக்க எனக்கு ஆயுசு இல்லை. டாக்டர் விஷயம் கடைசித் தட்டில் இருக்கிறது. நவம்பரில் திறக்கலாம் என்றிருந்தேன்."

பாமா அன்று சாயங்காலம் தேவாலயத்து அறையில் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். இரண்டே மாதம். ஒன்பது மாதம் பொறுத்தவள் இரண்டு மாதம் பொறுக்க மாட்டாளா. எசன் விடுதி எப்படியோ என்னவோ, இங்கேயாவது கூடவே நான் இருக்கிறேன். ஜனவரியில் நானே கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன். அவள் நல்லதையும் பார்த்துத்தானே செய்கிறேன். இப்படி ஜெயித்துவிட்டு, கோப்பிலிருந்து புஷ்பராணியின் தாள் ஒன்றை உருவி டைப் மெஷினில் மாட்டி அடித்தாள். தனிப்பட்ட காரணங்களால் இப்போதைக்குக் கணவருடன் சேர்ந்து குடியேற விரும்பவில்லை, கொலோனிலேயே இருக்க விரும்புகிறேன், பின்னர் தெரிவிக்கிறேன். அடியில் சாய்ந்த எழுத்தில் புஷ்பராணி நாகமுத்து என்று ஏற்கெனவே இருந்தது. தபாலில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் புஷ்பராணி கேட்டாள். "எசன் விசயமா ஏதும் வந்ததோ அக்கா?"

"இன்னும் இல்ல."

"வரும், வரும். ஆண்டவன் கண் திறப்பான்," என்று அவள் பாமாவுக்கு ஆறுதல் சொன்னாள். வெட்கக்கேடு.

நவம்பர் இரண்டாம் செவ்வாய் கடைசித் தட்டு திறந்தது. கிழவர் சுருட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பதினான்கு அறை. ஒவ்வோர் அறையிலும் வெள்ளையும் நீலமுமாகச் சின்னச் சின்னச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினர் பெயர் அச்சடித்து.

அந்தக் காலத்துச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆதரவு என்றால் வெள்ளைச் சீட்டு, எதிர்ப்பு என்றால் நீலம். ஆனால் உறுப்பினர் நேரில் வந்துதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குழுவிலும் ஒருவரிடம் எல்லாருடைய சீட்டும் இருக்கும். சேவகன் கலசத்தோடு வரும்போது, தொகுதியில் இருப்பவனுக்கும் குதிரைப் பந்தயத்துக்குப் போனவனுக்கும் காதலி வீட்டில் தூங்குபவனுக்கும் சேர்த்து அவர் போட்டுவிடுவார். பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர். நடு அணியின் பெட்டிக்காரர் நம் அல்பேர்ட்.

"அன்றைக்குப் பாரீசில் இருந்தது மூன்று பேர்," என்றார் கிழவர். "மிச்சம் பதினொன்றும் இந்தக் கை." வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்களில் சூப் பிசுபிசுத்தது.

"பதினொரு பேரையும் கேட்டீங்களா?"

"எதற்கு? கேட்டால் குழம்பிப்போவார்கள். நம்பித்தானே கொடுத்திருக்கிறார்கள்." டாக்டரின் அறையில் சீட்டுகளுக்கு அடியில் விரலை விட்டு, மடித்த ஒரு தந்தியை எடுத்துப் போட்டார். "இந்த மடையன் ஒருவன்தான் எழுதினான்."

பாமா பிரித்தாள். 'எதிர்த்துப் போடவும். கடிதம் பின்னால். கிறிஸ்தோப்பர்.' வந்து சேர்ந்த நேரம் காலை பதினொன்று இருபது என்று முத்திரை. ஓட்டு நடந்தது மாலை நான்கு மணிக்கு. அது அவளுக்கு மனப்பாடம்.

"தந்தி முன்னாலேயே வந்துடுச்சு. அப்புறம் ஏன் வெள்ளையைப் போட்டீங்க?"

கிழவர் ரொட்டியால் தாடையைத் துடைத்தார். "எல்லையில் ஏதோ ஒரு குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறான். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மனசு இளகிவிட்டது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? அவன் மனசு அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவன் நல்லதையும் பார்த்துத்தான் செய்தேன்."

"அப்புறம் அவர் வந்தாரா?"

"வந்தான். பேப்பரில் தன் பெயரைப் பார்த்துவிட்டு முதல் ரயிலில் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் போய் என்ன பதில் சொல்ல என்று கேட்டான்." கிழவருக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "யாருக்குப் பதில் சொல்வது? அவர்களைத்தான் அதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்களே."

சூப் வாடையும், கிழவர் வாயின் வாடையும், பெட்டிக்குள்ளிருந்து வந்த பழைய அட்டை வாடையும் ஒன்றாகச் சேர்ந்து பாமாவின் மூக்கில் ஏறின. சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று நினைத்தாள். தந்தியை அந்தச் சூப் தட்டிலேயே போட்டு, தட்டை அந்த மடியிலேயே கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஐம்பத்துமூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறான், வெட்கப்பட்டு அல்ல, கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்றாக.

அவள் நல்லதையும் பார்த்துத்தானே செய்கிறேன். யார் சொன்னது இது? ஐந்து வாரத்துக்கு முன்னால், தேவாலயத்து அறையில், மெஷினுக்கு முன்னால். இந்தக் கிழவர் சொன்னதற்கும் அதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. பாமா எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் தின்றதையெல்லாம் எடுத்தாள். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தால் புஷ்பராணி தண்ணீர் கிளாசோடு நின்றாள். "என்னக்கா, வயித்துக்கு ஏலாதோ? தேத்தண்ணி வைக்கட்டே?"

"வேணாம்."

கிழவர் தந்தியை நீட்டினார். "எடுத்துக்கொண்டு போ. அப்படியே எழுது. எனக்கு வெட்கமில்லை." வீசியெறிந்துவிட்டு வந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எறியவில்லை. வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்காரிக்கு அவ்வளவுதான் மானம்.

அன்றைக்குப் புஷ்பராணியிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதி, முந்தினது தவறு, சம்மதம் என்று சொல்லிவிட்டால் போயிற்று, அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புதன்கிழமை எட்டு மணிக்கே அறையைத் திறந்தாள். வாசல் பெட்டியில் பதில் கிடந்தது. திருமதி புஷ்பராணி நாகமுத்து தம் விருப்பமின்மையைத் தெரிவித்திருப்பதால் மனு திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது. அறை வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. மீண்டும் மனுச் செய்தால் வரிசைப்படி பரிசீலிக்கப்படும்.

வரிசைப்படி என்றால் இன்னொரு ஒன்பது மாதம். ஒரு வருஷமும் ஆகலாம். பாமா போனில் அலுவலகத்தைப் பிடித்தாள். கெஞ்சினாள், தன்னுடைய தவறு என்றாள். கையெழுத்து அந்த அம்மாவுடையதுதானே என்று அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாகக் கேட்டது. ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

மத்தியானம் புஷ்பராணி வந்தாள். குளிருக்கு யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பாமா கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கடிதத்தையும் மேசைமேல் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் கடிதம் என்ன சொன்னது, தான் என்ன அடித்தாள், இன்றைக்கு என்ன வந்தது. சொல்லச் சொல்லப் புஷ்பராணி கடிதத்தைப் பார்க்கவில்லை, பாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போகமாட்டனெண்டு எழுதினனீங்களோ?"

"ஆமா."

"என்ரை கையெழுத்திலையோ?"

"ஆமா புஷ்பா."

"ஏன் அக்கா?"

"அந்தக் கிழவர்... நீ வந்தாத்தான் பேப்பரைக் காட்டுவேன்னார். என் தீசிஸுக்கு அது வேண்டியிருந்தது. ரெண்டே மாசம், டிலே ஆகும், அவ்வளவுதான்னு நினைச்சேன்."

"அந்தாளின்ரை சூப்புக்கோ?" புஷ்பராணி தன் கையிரண்டையும் பார்த்தாள். பிறகு கோட்டில் அழுத்தித் துடைத்தாள், ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப. "சீ," என்றாள். சத்தம் போடவில்லை. அந்தச் 'சீ' கிழவருக்கு இல்லை என்று பாமாவுக்குத் தெரிந்தது.

அப்புறம் என்ன நினைத்தாளோ, இன்றைக்கு வந்த கடிதத்தை இழுத்து அடிவரியில் விரல் வைத்தாள். எசன் என்ற ஒரு சொல்லை அவளால் எழுத்துக்கூட்ட முடியும். "இதிலை எசன் எண்டு கிடக்கு. என்னது?"

பாமா குனிந்து படித்தாள். காலையில் அவள் கண்ணில் அது படவேயில்லை. "உன் மறுப்பை அவருக்கும் உடனே தெரியப்படுத்தியிருக்காங்க. கணவருக்கு. போன மாசமே."

புஷ்பராணி அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமையிலை அவர் ஹைமுக்குப் போன் எடுக்கிறவர்," என்றாள். "மூண்டு கிழமையா எடுக்கேல்லை. மூண்டு ஞாயிறும் போனடியிலை போய் நிண்டனான். நான் எடுத்தாலும் ஆள் இல்லையெண்டு சொல்லினம். நான் என்ன பிழை விட்டன், என்னத்தைக் கதைச்சு நோகப்பண்ணினன் எண்டு யோசிச்சு யோசிச்சு..."

பாமா அழுதாள். புஷ்பராணி அழவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள். "வாங்கோ."

தேவாலயத்துக்கு எதிரில் மஞ்சள் நிறத் தொலைபேசிக் கூண்டு. இரண்டு பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். புஷ்பராணி சில்லறையைப் போட்டு நம்பரைச் சுழற்றினாள். யாரோ தமிழ் ஆள்தான் எடுத்தான். "நாகமுத்துவைக் கூப்பிடுங்கோ. அவரின்ரை மனுசி எண்டு சொல்லாதேங்கோ. சேர்ச்சிலையிருந்து எண்டு சொல்லுங்கோ." இதைச் சொல்லிவிட்டு ரிசீவரைப் பாமாவின் கையில் வைத்தாள்.

"நானா? நீ பேசு புஷ்பா."

"எழுதினது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

பிரெஞ்சு, ஜெர்மன், இங்கிலீஷ், தமிழ் என்று நாலு பாஷை தெரிந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் "ஹலோ, ஆர்?" என்றது. பாமா பெயரைச் சொன்னாள். புதன்கிழமை மனு எழுதுகிறவள் என்றாள். அந்தக் கடிதத்தை எழுதினது உங்கள் மனைவி இல்லை, நான், அவளுக்குத் தெரியாமல், அவளைக் கேட்காமல், என் காரியத்துக்காக எழுதினேன் என்றாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் புஷ்பராணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் சரி பார்ப்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு நாகமுத்து கேட்டான். "அப்ப அவ வரமாட்டனெண்டு சொல்லேல்லையோ?"

"இல்லீங்க. சொல்லல."

"ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

"இல்ல."

"அவவிட்டைக் குடுங்கோ."

பாமா கொடுத்தாள். புஷ்பராணி வாங்கிக்கொண்டு, தோளால் அவளை மெல்ல வெளியே தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முதுகுதான் தெரிந்தது. மழை தூறத் தொடங்கியது. பாமா போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள். சில்லறை தீர்கிற வரைக்கும் உள்ளே பேச்சு நடந்தது.

வெளியே வந்தபோது புஷ்பராணியின் முகம் வீங்கியிருந்தது. பாமா அவசரமாகச் சொன்னாள். "நாளைக்கே புது அன்ட்ராக் போட்டுடலாம் புஷ்பா. திங்கள்கிழமை நேரா ஆபீசுக்குப் போவோம், நானே எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெயின் பண்றேன். ப்ளீஸ்."

"திங்கக்கிழமை நான் போறன். சந்திரகாந்தி வாறாள். நீங்கள் வரவேண்டாம்."

"அவளுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது," என்றாள் புஷ்பராணி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "நாங்கள் ரெண்டு பேருமாப் போய்ப் பிழையாச் சொல்லுறம்."